34 அங்குலம் என்பது எவ்வளவு?

கணினிக் கடையில் இரண்டு மானிட்டர்களை அருகருகே ஓடவிட்டிருக்கிறார்கள். ஒன்றில் 32 அங்குலம் என்றும் மற்றதில் 34 அங்குலம் என்றும் சீட்டு ஒட்டியிருக்கிறது. எண்ணை வைத்துப் பார்த்தால் இரண்டாவதுதான் பெரிது. ஆனால் முதலாவது அதைவிட மூன்று நான்கு விரற்கடை உயரமாக நிற்கிறது. இரண்டாவது குள்ளமாக, நீளமாகப் படுத்திருக்கிறது. இதில் எது பெரிய திரை? இரண்டு அங்குலம் கூடுதலாக வாங்குகிறவர் வீட்டுக்கு எடுத்துப்போவது கூடுதல் திரையா, குறைவான திரையா?

அல்ட்ராவைட் என்ற பெயரில் விற்கும் இந்த மானிட்டரை இனி நீள்திரை என்போம். பகலில் வேலைக்கும் இரவில் விளையாட்டுக்கும் ஒரே மானிட்டர் தேடுகிறவர்கள் பலரும் கடைசியில் வந்து நிற்கும் இடம் இதுதான். அட்டைப்பெட்டி மேல் அச்சிட்ட எண்களை நம்பி இதை வாங்க முடியாது. அந்த எண்கள் எதை அளக்கின்றன என்று தெரிந்துகொண்டால் வாங்கலாம்.

ஒருவரை எடுத்துக்காட்டாக வைத்துக்கொண்டு அத்தியாயம் முழுக்க அவரையே பின்தொடர்வோம். அவர் வீட்டிலிருந்தபடி கணக்குத் தணிக்கை வேலை செய்கிறார். பகலெல்லாம் எக்செல் தாள்கள், ஸ்கேன் செய்த ரசீதுகள், காணொளிக் கூட்டங்கள். இரவில் கொஞ்ச நேரம் கார் பந்தய விளையாட்டு. மேசை ஒன்று, மானிட்டரும் ஒன்றுதான். உட்கார்ந்தால் அவர் கண்ணுக்கும் திரைக்கும் நடுவே 70 சென்டிமீட்டர் தூரம். கடைக்காரர் இந்தத் தூரத்தைக் கேட்பதில்லை, வாங்குகிறவரும் சொல்வதில்லை. என் கணிப்பில் மற்ற எல்லா எண்களையும்விட முக்கியமானது இதுதான்.

மூலைவிட்டம் மறைப்பது

திரையை மூலைக்கு மூலை அளப்பது பழைய வழக்கம். ஆரம்பகாலத் தொலைக்காட்சிக் குழாய்களின் முகம் வட்டமாக இருந்தது. வட்டத்துக்கு விட்டம்தான் அளவு. குழாய் செவ்வகமானபோது விட்டத்தின் இடத்தில் மூலைவிட்டம் வந்து உட்கார்ந்தது. எல்லாத் திரைகளும் ஒரே வடிவத்தில் இருந்தவரை அதனால் சிக்கல் எழவில்லை.

34 அங்குலக் குச்சி ஒன்றை எடுத்து, அது மூலைவிட்டமாக அமையும்படி ஒரு செவ்வகம் வரையுங்கள். குச்சியை 45 பாகை சாய்த்துப் பிடித்தால் கிடைப்பது சதுரம். பரப்பு மிக அதிகம். குச்சியைத் தரையை நோக்கிச் சாய்க்கச் சாய்க்கச் செவ்வகம் நீண்டு ஒடுங்கும், பரப்பும் சுருங்கும். முழுக்கப் படுக்கவைத்தால் பரப்பு பூஜ்யம். குச்சியின் நீளம் மட்டும் மாறவே இல்லை.

கடையில் பார்த்த இரண்டையும் இப்படிக் கணக்கிடலாம். 32 அங்குலச் சாதாரணத் திரையின் வடிவம் 16:9. அதன் அகலம் சுமார் 71 சென்டிமீட்டர், உயரம் 40. நீள்திரையை 21:9 என்று விற்கிறார்கள். 34 அங்குலத்தில் வழக்கமாகக் கிடைப்பது 3440×1440 புள்ளிகள் கொண்டது. அதன் உண்மையான விகிதம் 43:18. அகலம் சுமார் 80 சென்டிமீட்டர், உயரம் 33. பெருக்கிப் பார்த்தால் நீள்திரையின் பரப்பு 32 அங்குலத் திரையைவிட ஏறத்தாழ 6 சதவீதம் குறைவு.

உயரத்தை வைத்துப் பார்த்தால் இந்த 34 அங்குல நீள்திரைக்கு நெருங்கிய உறவு 27 அங்குலச் சாதாரணத் திரைதான். அதன் உயரமும் 33 சென்டிமீட்டரைச் சற்றே தாண்டும், அகலம் 60. ஆக, 27 அங்குல மானிட்டரின் இருபுறமும் பத்துப் பத்து சென்டிமீட்டர் ஒட்டுப்போட்டால் 34 அங்குல நீள்திரை. வாங்கும்போது மனத்தில் இருக்க வேண்டிய படம் இதுதான்.

இந்த நீளம் எங்கிருந்து வந்தது

சினிமாவிலிருந்து. ஊமைப்படக் காலத்துப் பிலிமின் சட்டகம் 4:3. தொலைக்காட்சி அதையே எடுத்துக்கொண்டது. வீட்டிலேயே படம் பார்க்கத் தொடங்கிய மக்களைத் திரும்பத் திரையரங்குக்கு இழுக்க ஹாலிவுட் திரையை அகலமாக்கியது. 1953-இல் 'தி ரோப்' படத்துடன் சினிமாஸ்கோப் வந்தது. பிரெஞ்சுக்காரரான ஆன்றி கிரெத்தியன் உருவாக்கிய லென்ஸ், அகலமான காட்சியைப் பக்கவாட்டில் நெருக்கிச் சாதாரணப் பிலிமில் பதித்தது; திரையரங்கில் இன்னொரு லென்ஸ் அதை மறுபடி விரித்துக் காட்டியது. தமிழில் அந்த அகலம் 1973-இல் 'ராஜராஜ சோழன்' படத்துடன் வந்தது.

1980-களில் உயர்தெளிவுத் தொலைக்காட்சிக்கு ஒரு வடிவம் தேவைப்பட்டது. அமெரிக்கப் பொறியாளர் கெர்ன்ஸ் பவர்ஸ் அப்போது புழக்கத்தில் இருந்த எல்லாச் சட்டகங்களையும் ஒரே பரப்புள்ள செவ்வகங்களாக வரைந்து, நடுப்புள்ளி ஒன்றாக இருக்கும்படி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். அத்தனையையும் அடக்கும் வெளிச் செவ்வகமும், அத்தனைக்கும் பொதுவான உட்செவ்வகமும் ஒரே விகிதத்தில் அமைந்தன. அதுதான் 16:9. எந்தப் படத்துக்கும் முழுதாகப் பொருந்தாது, எந்தப் படத்தையும் பெரிதாகக் கெடுக்காது. அந்தச் சமரசத்தைத்தான் இன்று நம் கூடத்துத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

மானிட்டர்க்காரர்கள் பிறகு அந்தச் சமரசத்தைத் தாண்டி மறுபடி சினிமாஸ்கோப் பக்கம் நகர்ந்தார்கள். 2012-இல் எல்ஜி 29 அங்குல நீள்திரையைக் கொண்டுவந்தது. 2014-இல் 3440×1440 புள்ளிகளுடன் 34 அங்குலம் வந்தது. இன்றைக்கும் நீள்திரைகளின் பொது அளவு அதுதான்.

கண் எதை அளக்கிறது

கண்ணுக்குச் சென்டிமீட்டர் தெரியாது. அதற்குத் தெரிந்தது கோணம். கையெட்டும் தூரத்தில் உள்ள மானிட்டரும் தெருவுக்கு அப்பால் உள்ள விளம்பரப் பலகையும் ஒரே கோணத்தை அடைத்தால், விழித்திரையில் இரண்டும் ஒரே அளவுதான்.

தணிக்கையாளரின் 70 சென்டிமீட்டரில் 27 அங்குலத் திரை பக்கவாட்டில் 46 பாகையை அடைக்கும், 34 அங்குல நீள்திரை 59 பாகையை. இன்னும் நீளமான 49 அங்குலம் ஒன்று கிடைக்கிறது. வடிவம் 32:9, இரண்டு 27 அங்குல மானிட்டர்களை ஒட்டவைத்த அகலம். அது 81 பாகை.

இவ்வளவு கோணம் எதற்கு? கையை முழுக்க நீட்டிக் கட்டைவிரலை உயர்த்துங்கள். நகத்தின் அகலம் கண்ணில் ஏறத்தாழ 2 பாகை. விழித்திரையின் நடுக்குழி கூர்மையாகப் பார்ப்பது அவ்வளவையே. எழுத்தை வாசிப்பது, எண்ணைச் சரிபார்ப்பது எல்லாம் அந்த நகத்தளவு வட்டத்துக்குள்தான் நடக்கிறது. அதைச் சுற்றியிருப்பது ஓரப்பார்வை. அதற்கு எழுத்து புரியாது, ஆனால் அசைவு நன்றாகத் தெரியும்.

வேலையும் விளையாட்டும் பிரியும் இடம் இது. வேலையின்போது அந்தச் சிறு வட்டத்தைத் திரை முழுக்க நகர்த்திக்கொண்டே இருக்கிறோம். நடுவிலிருந்து 15, 20 பாகை வரை விழி மட்டும் திரும்பும்; அதைத் தாண்டினால் கழுத்தும் கூடவே திரும்பும். விளையாட்டில் கண் பெரும்பாலும் நடுவிலேயே, சாலை வளையும் இடத்திலேயே நிற்கிறது. ஓரங்களில் மரமும் வேலியும் பின்னோக்கிப் பாய்வதை ஓரப்பார்வை வாங்கிக்கொள்கிறது. வேகத்தை உணர்வது அதனால்தான். ஒரே 59 பாகை வேலைக்குக் கழுத்துப் பயிற்சி, விளையாட்டுக்கு விருந்து.

கழுத்துக்கு மாற்று வழி உண்டு. நீள்திரை வாங்கியதும் எல்லோரும் முதலில் செய்வது, திரையை இரண்டு சரிபாதியாகப் பிரித்து இரண்டு ஜன்னல்களைத் திறப்பது. அப்படிச் செய்தால் மூக்குக்கு நேரே வருவது நடுக்கோடு. இரண்டு வேலைகளும் பக்கவாட்டில் தள்ளிப்போகின்றன. நடுவில் அரைப்பங்கு, இருபுறமும் கால்பங்கு என்று பிரித்துப் பாருங்கள். நடுப்பங்கு 1720 புள்ளி, 40 சென்டிமீட்டர் அகலம். 70 சென்டிமீட்டரில் அது 32 பாகை, அதாவது இந்தப் பக்கம் 16, அந்தப் பக்கம் 16. கழுத்தைத் திருப்பாமல் விழி எட்டும் எல்லைக்குள்தான் அது. தணிக்கையாளரின் எக்செல் தாளுக்கு இடம் அங்கே. இடது கால்பங்கில் ரசீது, வலது கால்பங்கில் மின்னஞ்சல். விண்டோஸில் மைக்ரோசாப்ட் இலவசமாகத் தரும் பவர்டாய்ஸ் தொகுப்பில் ஃபேன்ஸிஸோன்ஸ் என்றொரு கருவி இருக்கிறது. ஒருமுறை இப்படிப் பங்கு பிரித்துவிட்டால், ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி இழுத்துவிடும் ஜன்னல்கள் அந்தந்தப் பங்கில் போய் ஒட்டிக்கொள்ளும்.

காணொளிக் கூட்டத்தில் மட்டும் கவனம் வேண்டும். முழுத்திரையையும் பகிர்ந்தால், எதிர்முனையில் சிறிய மடிக்கணினி வைத்திருப்பவருக்கு எக்செல் எண்கள் எறும்பு வரிசையாகத்தான் தெரியும். ஒரு ஜன்னலை மட்டும் பகிர வேண்டும்.

வளைவு செய்யும் வேலை

நீள்திரைகளில் பெரும்பாலானவை உட்பக்கம் வளைந்திருக்கின்றன. பார்க்க அழகாக இருப்பதற்காக என்று பலர் நினைக்கிறார்கள். தட்டையான திரையில் என்ன நடக்கிறது என்று பார்த்தால் காரணம் தெரியும்.

தணிக்கையாளரின் கண்ணிலிருந்து தட்டைத் திரையின் நடுவுக்கு 70 சென்டிமீட்டர், ஓரத்துக்கு 80.5. தூரத்தைவிடச் சாய்வுதான் பெரிய சிக்கல். நடுப்பகுதியை நேருக்கு நேர் பார்க்கிறோம், ஓரத்தை 30 பாகை சாய்வில் பார்க்கிறோம். திரவப் படிகத் திரைகளில் சாய்ந்து பார்த்தால் நிறமும் கருமையும் மாறும். ஒரே சாம்பல் நிறம் நடுவில் ஒருவிதமாகவும் ஓரத்தில் வெளிறியும் தெரியும்.

வளைவை 1800ஆர், 1000ஆர் என்று குறிப்பார்கள். அந்த வளைவை நீட்டி முழு வட்டமாக்கினால் அதன் ஆரம் எத்தனை மில்லிமீட்டர் என்பதே அந்த எண். எண் சிறிதானால் வளைவு கூடுதல். நம் நீள்திரையை 1800ஆர் அளவுக்கு வளைத்தால் ஓரம் நான்கு சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமாக முன்னே வருகிறது. கண்ணிலிருந்து ஓரத்துக்குத் தூரம் சுமார் 77 ஆகிறது. பார்வைச் சாய்வு 30 பாகையிலிருந்து 18-க்கு இறங்குகிறது. 1000ஆர் என்றால் 9 பாகை.

சாய்வுக்கு அதிகம் மிரளும் பேனல் வகை ஒன்று உண்டு. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். அந்த வகைத் திரைகளை அதிகமாக வளைத்து விற்பது இந்தக் காரணத்தாலும்தான். வளைவுக்குக் கொடுக்க வேண்டிய விலையும் உண்டு. கட்டட வரைபடம் வரைபவருக்கு நேர்கோடு நேர்கோடாகத் தெரிய வேண்டும். அவருக்குத் தட்டைத் திரையே நல்லது. எண்களோடு மல்லுக்கட்டும் தணிக்கையாளருக்கு 1800ஆர் சில நாளில் பழகிவிடும்.

எழுத்தின் ஓரம்

கண் மருத்துவர் 6/6 என்று எழுதித் தந்தால், அந்தக் கண் ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு இடைவெளியைப் பிரித்தறியும் என்று பொருள். பஞ்சாங்கக் கணக்கில் இந்த அளவுக்குக் கலை என்று பெயர். மூன்றரை மீட்டர் தூரத்தில் ஒரு மில்லிமீட்டர் அடைப்பது ஏறத்தாழ ஒரு கலை.

34 அங்குல நீள்திரையில் ஓர் அங்குலத்துக்கு 110 புள்ளிகள். ஒரு புள்ளியின் அகலம் 0.23 மில்லிமீட்டர். 80 சென்டிமீட்டரில் அது சரியாக ஒரு கலையை அடைக்கும். 70 சென்டிமீட்டரில் ஒரு கலையைக் கொஞ்சம் தாண்டும். ஆகவே நல்ல கண்ணுக்கு எழுத்தின் ஓரத்தில் படிக்கட்டு லேசாகத் தெரியக்கூடும். தொந்தரவு என்று சொல்லுமளவுக்கு இல்லை. இதே 34 அங்குலத்தில் விலை குறைவாக 2560×1080 திரைகளும் கிடைக்கின்றன. அவற்றில் அங்குலத்துக்கு 82 புள்ளிகள்தான். ஒரு மீட்டருக்கு மேல் விலகி உட்கார்ந்தால்தான் படிக்கட்டு மறையும். பகல் முழுக்க எழுத்தைப் பார்க்கிறவர் அதை வாங்கவே கூடாது.

தமிழில் வாசிப்பவர்கள் இதில் கூடுதல் கவனம் வைக்க வேண்டும். ஆங்கில எழுத்துகள் பெரும்பாலும் கோடும் வளைவும்தான். நம் 'ஞ', 'ண', 'னை' போன்றவற்றில் ஒரே எழுத்துக்குள் இரண்டு மூன்று சுழிகள் நெருங்கி நிற்கின்றன. சிறிய எழுத்துருவில் ஒரு சுழியின் உள்வெளிக்குக் கிடைப்பது ஒன்றிரண்டு புள்ளிகள். புள்ளி பெரிதாக இருந்தால் சுழி அடைத்துக்கொண்டு 'ண'வும் 'ன'வும் ஒன்றுபோலத் தெரியத் தொடங்கும். கடையில் மானிட்டரைச் சோதிக்கும்போது தமிழ்ச் செய்தித்தளம் ஒன்றைத் திறந்து, எழுத்தைப் பெரிதாக்காமல் வாசித்துப் பாருங்கள். கடைக்காரர் ஓடவிடும் மலையருவிக் காட்சியைவிட அது அதிகம் சொல்லும்.

எழுத்துக்கு மட்டும்தான் என்றால் 32 அங்குல 4கே திரை இதைவிட நல்லது. அங்குலத்துக்கு 138 புள்ளி. 70 சென்டிமீட்டரில் ஒரு புள்ளி ஒரு கலைக்கும் குறைவு. வேலை மட்டுமே செய்பவருக்கு நான் அதைத்தான் சொல்வேன். ஆனால் 4கே என்பது 83 லட்சம் புள்ளிகள். நம் நீள்திரையில் 49.5 லட்சம். விளையாட்டின்போது ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் ஒவ்வொரு முறையும் கிராபிக்ஸ் கார்டு கணக்கிட வேண்டும். 4கே அதற்கு மூன்றில் இரண்டு பங்கு கூடுதல் சுமை ஏற்றுகிறது. 27 அங்குலத்தின் 2560×1440-லிருந்து நீள்திரைக்கு வந்தால் கூடும் சுமை மூன்றில் ஒரு பங்குதான். 27 அங்குலத்தில் நொடிக்கு 100 சட்டகங்கள் தந்த கார்டு, நீள்திரையில் ஏறத்தாழ 75 தரும்.

விளையாட்டுக்குள் அகலம்

நீள்திரையில் விளையாடினால் உண்மையிலேயே அதிகம் தெரியுமா, அல்லது அதே காட்சி இழுத்து நீட்டப்படுகிறதா? இரண்டும் நடக்கிறது.

நன்றாக எழுதப்பட்ட விளையாட்டுகள் மேல்-கீழ்ப் பார்வையை அப்படியே வைத்துக்கொண்டு பக்கவாட்டில் மட்டும் உலகத்தைத் திறந்துவிடும். 16:9 திரையில் 90 பாகை காட்டிய விளையாட்டு நீள்திரையில் 107 பாகை காட்டும். பக்கத்தில் முந்திவரும் கார் கொஞ்சம் முன்னதாகவே கண்ணில் படும்.

ஆனால் அந்த 107 பாகையும் நம் கண்ணில் 59 பாகை மட்டுமே அடைக்கும் ஒரு பலகையில் வரையப்படுகிறது. தட்டைப் பரப்பில் ஆழம் தோன்ற வரைந்த எந்தப் படமும் ஓரிடத்திலிருந்து பார்த்தால்தான் சரியாக இருக்கும். இந்தப் படத்துக்கு அந்த இடம் திரையிலிருந்து ஓரடி தூரம். ஓரடியில் கண்ணை வைத்துக்கொண்டு யாரும் விளையாடுவதில்லை. 70 சென்டிமீட்டரிலிருந்து பார்க்கும்போது, திரையின் ஓரத்தில் உயரத்தைவிட 1.7 மடங்கு அகலமாக வரையப்படும் ஒரு பந்து நசுங்கிய பூசணிபோலத் தெரியும். மென்பொருள் பழுதோ மானிட்டர் பழுதோ இதில் இல்லை. பார்க்கும் இடம் மாறியதால் வருவது.

கார் பந்தயத்தில் தேர்ந்தவர்கள் இதைச் சரிசெய்கிறார்கள். 'அசெட்டோ கோர்சா' போன்ற விளையாட்டில் பார்வைக் கோணத்தை நாமே மாற்றலாம். அங்கே கேட்பது மேல்-கீழ்க் கோணம். தணிக்கையாளரின் மேசைக்கு அது 27 பாகை. அப்படி வைத்தால் விளையாட்டின் சாலை, நிஜச் சாலை கண்ணில் அடைக்கும் அளவையே அடைக்கும். முதல் நாள் கார் ஊர்வதுபோல இருக்கும், ஏனென்றால் ஓரங்களில் பாய்ந்துகொண்டிருந்த காட்சி குறைந்துவிட்டது. ஆனால் திருப்பம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, எங்கே பிரேக் போட வேண்டும் என்று கண் சொல்வது இப்போது சரியாக இருக்கும்.

எல்லா விளையாட்டும் இப்படி இணங்கிப் போவதில்லை. 2022-இல் வந்த 'எல்டன் ரிங்' 16:9-ஐத் தாண்டாது; இருபுறமும் கறுப்புப் பட்டை. பிளேஸ்டேஷன் 5-ஐயும் எக்ஸ்பாக்ஸையும் இணைத்தாலும் அதேதான். 'ஓவர்வாட்ச்' 2016-இல் நீள்திரைக்கு இடம் கொடுத்தபோது பக்கவாட்டில் எதையும் சேர்க்கவில்லை. மேலேயும் கீழேயும் வெட்டிக் காட்சியைப் பெரிதாக்கியது. போட்டியில் நீள்திரைக்காரருக்குக் கூடுதல் சாதகம் கிடைத்துவிடக் கூடாது என்ற கவலை இத்தகைய முடிவுகளுக்குப் பின்னால் இருக்கிறது. நீங்கள் தினமும் விளையாடும் மூன்று நான்கு விளையாட்டுகள் எந்த வகை என்று முன்பே பார்த்துவிடுங்கள்.

அசைவு ஏன் மங்குகிறது

மானிட்டர் ஒரு சட்டகத்தைக் காட்டி, அடுத்தது வரும்வரை அதை அசையாமல் பிடித்து வைத்திருக்கிறது. கண்ணோ நகரும் காரைத் தொடர்ந்து நகர்ந்துகொண்டே இருக்கிறது. படம் நிற்க, கண் நகர, விழித்திரையில் அந்தப் படம் இழுபட்டுத் தேய்கிறது. மங்கல் என்று நாம் சொல்வது பெரும்பாலும் இதைத்தான்.

ஒரு கார் நீள்திரையின் இடது ஓரத்திலிருந்து வலது ஓரத்துக்கு இரண்டு நொடியில் போகிறது என்போம். நொடிக்கு 60 முறை புதுப்பிக்கும் திரையில், அதாவது 60 ஹெர்ட்ஸில், தேய்மானம் 6.6 மில்லிமீட்டர். காரின் பின்னால் உள்ள எண் பலகையை வாசிக்க முடியாது. 144 ஹெர்ட்ஸில் அது 2.8 மில்லிமீட்டர், 240 ஹெர்ட்ஸில் 1.7. முதல் தாவலில் கிடைக்கும் லாபம் அடுத்ததில் கிடைப்பதில்லை. பந்தயம் சார்ந்த வாழ்க்கை இல்லாத ஒருவர் 144-ஐத் தாண்டிச் செலவழிப்பதற்கு முன் யோசிக்கலாம்.

புதிய மானிட்டரை மாட்டியதும் பலருக்கு 144 கிடைப்பதே இல்லை. காரணம் கேபிள். 49.5 லட்சம் புள்ளி, புள்ளிக்கு 24 பிட், நொடிக்கு 144 முறை. பெருக்கினால் நொடிக்குச் சுமார் 1,712 கோடி பிட். ஹெச்டிஎம்ஐ 2.0 வழியே போகக்கூடிய படத்தரவு 1,440 கோடிதான். அதனால் அந்த வழியில் 100 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும். டிஸ்ப்ளேபோர்ட் 1.4-இல் 2,592 கோடி வரை போகும். ஆகவே கணினிக்கு டிஸ்ப்ளேபோர்ட் கேபிளைப் போடுங்கள். போட்ட பிறகும் விண்டோஸ் அமைப்பில் போய் 144 என்று தேர்ந்தெடுத்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். 60-இலேயே விட்டு மாதக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் உண்டு.

மூன்று பேனல்கள்

புள்ளி நிறம் மாறும் வேகம் பேனலின் வகையைப் பொறுத்தது. ஐபிஎஸ் எனும் வகையில் எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் நிறம் நிலையாக இருக்கும். அதன் குறை கறுப்பு: வெள்ளைக்கும் கறுப்புக்கும் ஏறத்தாழ ஆயிரத்துக்கு ஒன்று என்ற வேறுபாடுதான். விளக்கணைத்த அறையில் இரவுக் காட்சி சாம்பலாகத் தெரியும். விஏ வகையில் அந்த வேறுபாடு மூவாயிரத்துக்கு ஒன்று அளவில் இருக்கும், கறுப்பு நன்றாக இருக்கும். சாய்வுக்கு மிரளும் வகை என்று முன்பு சொன்னது இதைத்தான். இருளிலிருந்து சற்றே குறைந்த இருளுக்கு மாற விஏ புள்ளிகள் திணறும். இரவுப் பந்தயத்தில் காரின் பின்னால் கறுப்பு மைக்கறை இழுபடும்.

ஓலெட் வகையில் பின்விளக்கே கிடையாது. ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்கிறது. அணைத்தால் முழுக் கறுப்பு. மாறும் வேகமும் மற்ற இரண்டும் எட்டாதது. ஏலியன்வேர் 2022-இல் 34 அங்குல வளைந்த ஓலெட் நீள்திரையைக் கொண்டுவந்தது. 175 ஹெர்ட்ஸ், 1800ஆர், சாம்சங் தயாரித்த பேனல். இரவு விளையாட்டுக்கு இதுவரை நான் பார்த்த திரைகளில் அழகு இந்த வகைதான்.

பகல் வேலைக்கு வரும்போது இரண்டு இடைஞ்சல்கள். ஒன்று, இந்தச் சாம்சங் பேனலில் சிவப்பு, பச்சை, நீலத் துகள்கள் வரிசையாக இல்லாமல் முக்கோணமாக அமைந்திருக்கின்றன. விண்டோஸ் எழுத்தை மெருகேற்றும்போது அவை வரிசையாக இருப்பதாக எடுத்துக்கொள்கிறது. அதனால் வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்தின் மேலும் கீழும் மெல்லிய நிறக்கரை தெரியும். அங்குலத்துக்கு 110 புள்ளி என்பதால் கூர்ந்த கண்ணுக்கு அது படும். மற்றது, திரைத்தழும்பு. ஒளிரும் துகள்கள் உழைக்க உழைக்கத் தேய்கின்றன. எக்செல்லின் தலைப்பட்டையும் விண்டோஸின் கீழ்ப்பட்டையும் நாளெல்லாம் ஒரே இடத்தில் நின்றால் அந்த இடத்தின் தேய்மானம் வேறுபட்டு, நிரந்தர நிழலாகப் பதியலாம். கீழ்ப்பட்டையைத் தானாக மறைய வைப்பதும், வெளிச்சத்தைக் குறைத்து வைப்பதும், திரை கேட்கும்போது அதன் சுயசுத்திகரிப்பை ஓடவிடுவதும் தேய்மானத்தைத் தள்ளிப்போடும். இருந்தாலும் உத்தரவாதத்தில் தழும்பும் சேர்த்தியா என்று கேட்காமல் ஓலெட் வாங்கக் கூடாது.

தணிக்கையாளரின் மேசை

நாளுக்கு எட்டு மணி நேரம் எக்செல், கொஞ்ச நேரம் பந்தயம் என்ற கணக்கில் தணிக்கையாளருக்கு நான் சொல்வது: 34 அங்குலம், 3440×1440, ஐபிஎஸ், மிதமான வளைவு, 144 ஹெர்ட்ஸை ஒட்டிய வேகம். கணக்குத் தலைகீழாக இருந்து, விளையாட்டுதான் முதன்மை, வேலை ஒன்றிரண்டு மணி நேரம் என்றால் ஓலெட். பணம் தாராளமாக இருந்து எழுத்தின் கூர்மையும் வேண்டுமென்றால் 40 அங்குல 5120×2160 நீள்திரை இருக்கிறது. உயரத்தில் 32 அங்குலத்துக்கு நிகர், அங்குலத்துக்கு ஏறத்தாழ 140 புள்ளி. ஆனால் அது ஒரு கோடியே பத்து லட்சம் புள்ளிகளைத் தாண்டும்; அதை ஓட்டும் கிராபிக்ஸ் கார்டின் விலையையும் சேர்த்தே கூட்ட வேண்டும்.

வாங்குவதற்கு முன் மேசையின் ஆழத்தை அளந்துகொள்ளுங்கள். நம் வீடுகளில் கணினி மேசைகள் பெரும்பாலும் இரண்டடி ஆழம். நீள்திரையின் கால் மட்டும் அதில் கணிசமான இடத்தைப் பிடித்துக்கொண்டு திரையை முன்னே தள்ளும். 70 என்று நினைத்தது 55 ஆகிவிடும். 59 பாகை 72 பாகையாகும். நடுப்பங்குகூட விழியின் எல்லையைத் தொடும். மேசை விளிம்பில் பிடித்துக்கொள்ளும் மானிட்டர் கை ஒன்றைப் போட்டுத் திரையைச் சுவரோடு ஒட்டினால் அந்த 15 சென்டிமீட்டரை மீட்டுவிடலாம். திரையின் எடையை அந்தக் கை தாங்குமா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அதற்கும் முன்னால் செலவில்லாத சோதனை ஒன்று. 80-க்கு 33 சென்டிமீட்டர் அளவில் ஓர் அட்டையை வெட்டி, திரை நிற்கப்போகும் இடத்தில் நிறுத்துங்கள். இடது கால்பங்கில் ஒரு செய்தித்தாள் பத்தி, நடுவில் ஒன்று, வலதில் ஒன்று என்று ஒட்டி, மூன்றையும் மாறி மாறி அரைமணி நேரம் வாசியுங்கள். கழுத்து முறையிட்டால் நாற்காலியைப் பத்து சென்டிமீட்டர் பின்னே தள்ளுங்கள். 80 சென்டிமீட்டரில் அட்டை 53 பாகையாகச் சுருங்கும். எழுத்தின் படிக்கட்டு மறையும் தூரமும் அதுவேதான்.